எட்டாயிரம் ரூபாய் சௌசௌ

ஆகஸ்டில் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்த சண்டை இந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் முடிந்தபாடில்லை. புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மைசூர் பன்னிமண்டபத்தில் இருக்கும் பர்னபாஸ், டோரதி தம்பதிக்கு ரயான் மூத்த மகன். பெங்களூரில் வேலை. பிப்ரவரியில் வீட்டுக்கு வரும் வழியில், மத்தூர் தாண்டி, அவன் கார் லாரியில் மோதியது. மூன்று நாள் ஐசியுவில் இருந்தான். பிறகு இல்லை.

அவனுடைய கம்பெனி சம்பளத்தோடு சேர்த்து அவனுக்குப் பங்குகள் கொடுத்திருந்தது. அவற்றுக்கு வாரிசாக அவன் அம்மாவின் பெயரை எழுதி வைத்திருந்தான். ஆகஸ்டில் எல்லாம் டோரதியின் கணக்குக்கு மாறின. அவன் போனபோது இருந்த விலையைப் போல இப்போது மூன்று மடங்கு. விற்றுவிடலாம் என்கிறார் அப்பா. கூடாது என்கிறாள் அம்மா. இதைச் சொல்ல எனக்கு நாலு வரி போதும், அவர்கள் இருவருக்கும் இரண்டு மாதமாகத் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

டோரதி அன்று விடிந்ததும் பின்கட்டுக்குப் போய், பந்தலில் தொங்கிய சௌசௌக் காய்களில் நல்லதாக ஒன்றைத் தேடினாள். சர்ச்சில் இன்று அறுப்பின் பண்டிகை. வீட்டில் விளைந்தது எதுவானாலும் ஒன்றைக் கொண்டுபோய்ப் படைக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விட்டு, வருகிற பணத்தைச் சபை எடுத்துக்கொள்ளும். பிறர் தேங்காயும் வாழைத்தாரும் கொண்டுவருவார்கள். டோரதி வீட்டில் சௌசௌவைத் தவிர ஒன்றும் விளைவதில்லை. அந்தக் காயை அந்த வீட்டிலேயே யாருக்கும் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

காயைப் பறித்துக்கொண்டு உள்ளே வந்தபோது, பர்னபாஸ் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு கூடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் கம்பெனியோட காலாண்டுக் கணக்கு வருது. அதுக்கு முன்னாடி, காலைல மார்க்கெட் திறந்ததும் வித்துடணும். இந்த விலை ரொம்ப ஜாஸ்தி."

விலை ஜாஸ்தி என்பது அவருக்குப் பிறந்ததிலிருந்து வாயில் ஊறிய வார்த்தை. நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்க வந்த அன்று டோரதி வீட்டில் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, பொடி கிலோ என்ன விலை என்று கேட்ட மனிதர் அவர்.

"டாடி, நீங்க எல்லாத்தையும் நட்டு போல்ட்டு கணக்குலயே பாக்கறீங்க," என்றாள் ஜெனிஃபர். ரயானுக்கு மூன்று வயது இளையவள், குண்டலுபேட்டையில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரி, பேச்சில் கன்னடம் கலந்து வரும். "இன்னிக்கு லாபத்த வச்சு விலை போடக் கூடாது. வருஷா வருஷம் பிசினஸ் டபுள் ஆகுது, ஹவுதா இல்லையா?"

"ஆகுது. யாரு இல்லேன்னது? ஒரு ரூபா லாபத்துக்கு நூத்தி எண்பது ரூபா விலை குடுத்து வாங்கறான். நான் வேலையில இருந்தப்ப இப்படி ஒரு கொட்டேஷன் வந்திருந்தா, கொண்டாந்தவன உக்காரக்கூடச் சொல்லிருக்க மாட்டேன்."

"அது வளர்ற கம்பெனி டாடி. ரெண்டு வருஷம் போனா இந்த விலையே சீப்பாத் தெரியும்."

"வளரும், வளரும். எதுவரைக்கும்? பின்னாடி இருக்கிற கொடிகூட மொத மாசம் தடதடன்னு ஓடிச்சு. பந்தல் முடிஞ்சதும் என்ன பண்ணிச்சு?"

"இவங்களுக்குப் பந்தல் இன்னும் நெறைய இருக்கு. தமிழ்நாட்டுல இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காங்க."

"இதே வேலைய பாதி ரேட்டுக்குச் செய்றேன்னு நாளைக்கே நாலு பேரு கெளம்புவான். அப்ப?"

துரிதா டெக்னாலஜீஸ் என்பது கம்பெனியின் பெயர். எந்தக் கடையில் எந்தச் சரக்கு என்றைக்குத் தீரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் மென்பொருள் செய்கிறார்கள். அதை முதலில் எழுதிய சிலரில் ரயானும் ஒருவன். என்றைக்கு எது தீரும் என்று சொல்கிற சாமர்த்தியத்தை நினைக்கும்போதெல்லாம் டோரதிக்குக் கோபம் வரும், யார் மேல் என்றுதான் அவளுக்குத் தெரியாது.

அவள் காயைத் துடைத்தபடி சொன்னாள்: "ஏறிட்டுத்தானே இருக்கு. எதுக்குங்க விக்கணும்?"

மிஷன் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் அவள். பங்குச் சந்தை பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் தினமும் காலை வார்டைச் சுற்றி முடித்ததும், நோயாளிக்கு நாடி பார்ப்பது போல, செல்போனில் பங்கு விலை காட்டும் அந்த ஒற்றைக் கோட்டைப் பார்ப்பாள். பச்சையாக மேலே போயிருந்தால் அன்றைய பொழுதை எப்படியோ ஓட்டிவிடலாம். அவனுடைய கிட்டார் அலமாரிக்குப் பக்கத்தில் சாத்தியபடி நிற்கிறது. அவனுடைய சட்டைகளில் வாசனை போய்விட்டது. அவனுடையது என்று இருப்பதில் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது அது ஒன்றுதான்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

"ஏறுதுன்னா, அது ஏலத்துல ஏறுற விலை, டோரதி," என்றார் பர்னபாஸ். கொஞ்சம் பொறுமை இழந்திருந்தார். "நம்ம சௌசௌ மாதிரிதான். எதிர்ல ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கிற வரைக்கும்தான் ஏறும். அவன் எழுந்து போயிட்டான்னா இருபது ரூபா காய் இருபது ரூபாதான். அப்புறம்…"



எதிரில் கேட்டுக்கொண்டே இருந்தவன் யார் என்று அந்தக் கூடத்தில் இருந்த மூவருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ரயான் ஆரம்பித்த விளையாட்டு அது. அம்மா கொண்டுவந்த காயை இருபது ரூபாய்க்கு மேல் வாங்குவது முட்டாள்தனம் என்று அப்பா சொல்லப்போக, ஏலத்தில் எழுந்து நின்று அவன் முப்பது என்றான். அப்பா நாற்பது என்றார். அதிலிருந்து வருஷா வருஷம் அப்பனும் மகனும் அந்த ஒரு காய்க்காக மல்லுக்கு நிற்பார்கள், சபையே எழுந்து நின்று வேடிக்கை பார்க்கும். இதற்கு மேல் முடியாது என்றால் பர்னபாஸ் வாயால் சொல்ல மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். அவ்வளவுதான், காய் ரயானுக்கு. போன வருஷம் எட்டாயிரத்தில் கழற்றினார். மைசூரிலேயே விலை உயர்ந்த கூட்டு என்று சொல்லிச் சொல்லி அன்று ராத்திரி ரயான் அதைச் சாப்பிட்டான்.

பர்னபாஸ் முகத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. அவர் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"விக்கணும்னா ஓடிபி என் போனுக்குத்தான் வரும்," என்று டோரதி அந்தக் கதவைப் பார்த்துச் சொன்னாள். "நான் குடுக்க மாட்டேன்."

"பேடா மம்மி, விடுங்க. இப்ப பேசாதீங்க," என்றாள் ஜெனிஃபர்.

மூவரும் ஆட்டோவில் போனார்கள். தசராவுக்குக் கட்டிய விளக்குகளைச் சாலையில் இன்னும் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

சர்ச் வாசலில் ஜோதிமணி காத்திருந்தார். ரயில்வே பணிமனையில் வேலை, சபைக் கமிட்டியின் செயலாளர். வருஷா வருஷம் ஏலம் விடுவது அவர்தான். டோரதி கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, அவளைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போனார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிட்டேன். உங்க காய் வரப்ப ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. இருபது ரூபாய்க்கு முடிச்சு உங்க கையிலயே குடுத்துடறேன். போன வருஷத்த ஞாபகப்படுத்தி உங்கள அழ வச்ச மாதிரி ஆயிடக் கூடாது பாருங்க."

நல்ல மனசுதான். ஒன்றும் சொல்வதற்கில்லை. அந்தச் சபையில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஊரே இப்படித்தான் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு நடக்கும். டோரதி, "சரி தம்பி," என்றாள். இதைக் கணவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். காலையில் நடந்ததற்குப் பிறகு அவரிடம் போய்ப் பேச்செடுக்க மனம் வரவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

ஆராதனை முடிந்து, சர்ச் முற்றத்தில் ஷாமியானா கட்டிய இடத்தில் எல்லோரும் கூடினார்கள். வாழைத்தார் ஆயிரத்துக்குப் போனது. யாரோ கொண்டுவந்த நாட்டுக்கோழியைப் போதகரே ஏலத்தில் எடுத்து, அதைத் திரும்ப ஏலம் விடச் சொல்லிக் கொடுத்துவிட, ஒரே சிரிப்பு. பிறகு ஜோதிமணி சௌசௌவைக் கையில் எடுத்தார். சிரிப்பு நின்றது.

"டோரதி அக்கா வீட்டுக் காய். இருபது ரூபா," என்றார் மெதுவாக. "இருபது ரூபா, ஒரு தரம்…"

"நூறு," என்றார் பர்னபாஸ்.

அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில், வேப்ப மரத்தடியில், எழுந்து நின்றிருந்தார். நூறு என்று சொல்லிவிட்டு, வழக்கம் போல, மணிக்கூண்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கேதான் ரயான் நிற்பான். அங்கே இப்போது இரண்டு காலி நாற்காலிகள் இருந்தன.

யாரும் கேட்கவில்லை. எல்லோரும் ஜோதிமணிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்கள்.

"நூறு ரூபா, ஒரு தரம். நூறு ரூபா, ரெண்டு தரம்."

"ஐந்நூறு."

ஜோதிமணி குழம்பினார். "அண்ணே, நூறு உங்களோடதுதான்."

"தெரியும். ஐந்நூறு."

"அண்ணே…"

"ஆயிரம்," என்றார் பர்னபாஸ். ஒவ்வொரு முறையும் மணிக்கூண்டுப் பக்கம் பார்த்துவிட்டு, பதில் வருவதற்கு எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நின்று, பிறகுதான் கேட்டார். "ரெண்டாயிரம்."

முப்பது வருஷம் ஒரு ரூபாய் குறைக்கத் தொண்டை வறள வாதாடிய மனிதர், எதிரில் ஆளே இல்லாமல், தன் விலையைத் தானே ஏற்றிக்கொண்டிருந்தார். முன் வரிசையில் ஒரு பெண் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஜெனிஃபர் எழுந்து அப்பாவின் கையைப் பிடித்து, "டாடி, சும்னெ உக்காருங்க, ப்ளீஸ்," என்றாள். அவர் உட்காரவில்லை. அவர் குரல் உடையவும் இல்லை. அதைத்தான் டோரதியால் தாங்க முடியவில்லை.

இந்த இரண்டு மாதமும் அவரைக் கல் நெஞ்சுக்காரர் என்று நினைத்திருந்தாள். மகன் விட்டுப்போனதை எப்போது விற்கலாம் என்று பார்க்கிற மனிதர் என்று நினைத்திருந்தாள். தினமும் தான் செல்போனில் எதைத் தேடிக்கொண்டிருந்தாளோ, அதையேதான் அவர் அந்தக் காலி நாற்காலிகளில் தேடிக்கொண்டிருக்கிறார் என்று இப்போது தெரிந்தது. அவரை அப்படித் தனியாக நிற்கவிட அவளால் முடியவில்லை.

தான் கொண்டுவந்த பொருளைத் தானே ஏலம் கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. இத்தனை வருஷத்தில் டோரதி அந்த ஏலத்தில் வாயைத் திறந்ததே கிடையாது. அவள் எழுந்து பெண்கள் வரிசையைத் தாண்டி நடந்தாள். மணிக்கூண்டுப் பக்கம் போய், அந்தக் காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"மூவாயிரம்," என்றாள்.

பர்னபாஸ் அவளைப் பார்த்தார்.

"நாலாயிரம்."

"அஞ்சு."

"ஆறு," என்றார். இப்போதுதான் அவர் குரல் கரகரத்தது.

"ஆறாயிரத்தி ஐந்நூறு."

"ஏழாயிரம்."

"எட்டாயிரம்," என்றாள் டோரதி.

பர்னபாஸ் கண்ணாடியைக் கழற்றினார். அதைச் சட்டைப் பையில் போட்டார். ஜோதிமணி மூன்று தரம் சொல்லி முடிக்கவில்லை. காயைக் கொண்டுவந்து டோரதியின் கையில் கொடுத்துவிட்டு, "என்னை மன்னிச்சிருங்க அக்கா, நான் நல்லதுன்னு நெனச்சுட்டேன்," என்று சொல்லி, ஓரமாகப் போய் நின்று மூக்கைச் சிந்தினார்.

மாலையில் டோரதி அந்தக் காயைத் தோல் சீவி, தேங்காய் அரைத்து ஊற்றிக் கூட்டு வைத்தாள். மூவரும் மேசையில் உட்கார்ந்தார்கள். நாலாவது நாற்காலியை இன்னும் யாரும் நகர்த்தவில்லை.

பர்னபாஸ் இரண்டு வாய் சாப்பிட்டார்.

"இப்பவும் சொல்றேன், அந்த ஷேர் விலை ஜாஸ்திதான்," என்றார். "ஆனா அதுக்காக விக்கச் சொல்லல."

"பின்ன எதுக்கு?" என்றாள் டோரதி.

"ஐசியுவுல நீ அந்த மானிட்டரயே பாத்துட்டு நின்ன. டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி உனக்குத் தெரியும். நம்பர் எறங்க எறங்க நீ ஒரு வார்த்தை பேசல. எனக்கு அது என்ன நம்பர்னே தெரியாது, உன் மூஞ்சியத்தான் பாத்துட்டு நின்னேன்." தட்டிலேயே கண்ணை வைத்திருந்தார். "இப்ப தெனமும் காலைல போனத் தொறந்து பாக்கற. நான் கவனிக்கலேன்னு நெனச்சுட்டிருக்க. நாளைக்கோ அடுத்த மாசமோ இதுவும் எறங்கும். இவ்வளவு ஏறுனது எறங்காம இருக்காது. மறுபடியும் நீ நின்னுட்டுப் பாப்ப. ஒரு தடவ பாத்தாச்சு டோரதி. இன்னொரு தடவ உன் மூஞ்சிய அப்படிப் பாக்க என்னால ஆகாது."

டோரதி அழுதாள். பிப்ரவரிக்குப் பிறகு அவர் முன்னால் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. நர்ஸ் அழுதால் நோயாளிகள் பயப்படுவார்கள் என்று பழகிப்போனதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்திருந்தாள். பர்னபாஸ் எழுந்து வரவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. இடது கையை நீட்டி மேசைமேல் வைத்தார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெனிஃபர் தட்டில் கோடு போட்டபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் பங்கு விலை பற்றி எந்த நிச்சயமும் கிடையாது. அண்ணன் வேலை செய்த கம்பெனி தோற்றுப்போகும் என்று யாராவது சொன்னால் அவளால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"காலைல வித்துடலாம்," என்றாள் டோரதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. செல்போனை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். "ஓடிபி வந்ததும் நீங்களே எடுத்துப் போட்டுக்குங்க. நான் பாக்கல."

"நெசமாத்தான் சொல்றியா?"

"நெசமாத்தான். அத பாத்துட்டு எத்தனை நாள் ஓட்டறது?"

பர்னபாஸ் தலையாட்டினார். தீர்ந்தது விஷயம் என்றுதான் மூவரும் நினைத்தார்கள். டோரதி தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுக்களை வாசல் வரைக்கும் போனவள் அங்கேயே நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் வச்சுக்கலாமா?" என்றாள், திரும்பாமல். "ஒரே ஒரு ஷேர். அது ஏறினாலும் எறங்கினாலும் யாருக்கும் ஒண்ணுமில்ல. அவன் பேருக்குன்னு."

கணக்குக்கு ஒவ்வாத காரியம், ஒரு பங்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர் சொல்லப்போகிறார் என்று டோரதி காத்திருந்தாள்.

"ரெண்டு," என்றார் பர்னபாஸ்.

டோரதி திரும்பினாள். அவர் மேசையில் நேராக உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் நீர்.

"மூணு," என்றாள் டோரதி.

"பத்து," என்றாள் ஜெனிஃபர். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அம்பது," என்றார் பர்னபாஸ்.

காலையில் மார்க்கெட் திறப்பதற்குள் விற்க எத்தனை மிஞ்சும் என்று மூவருக்கும் தெரியவில்லை. டோரதி தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு மறுபடி மேசைக்கு வந்தாள். நாலாவது நாற்காலியை இழுத்து அதில் உட்கார்ந்தாள்.

"நூறு," என்றாள்.

பர்னபாஸ் கண்ணாடியைக் கழற்றவில்லை.